ஏரி மீனுக்கு ஏற்ற தங்கூசி

போர் முடிந்த அந்த வைகாசியில், வைலே என்ற டெனிஷ் நகரத்தில் இருந்த எங்கள் வீட்டில் ஒவ்வொரு நாளும் மீன் கொதித்தது. வெள்ளிக்கிழமையிலும் கொதித்தது. ஆயுளில் ஒரு வெள்ளிக்கிழமையும் மச்சம் தொட்டறியாத என் அம்மா, குசினி வாசலில் கதிரையைப் போட்டு இருந்துகொண்டு, "மீனை எடுத்து வெளியில வைச்சியோ பிள்ளை?" என்று என் மனைவியைக் கேட்பார். மனைவி என்னைப் பார்ப்பாள். நான் சுவரைப் பார்ப்பேன்.

தம்பி வன்னியில் இருந்தான். அவனும் பெண்சாதியும் இரண்டு பிள்ளைகளும். பொங்கலுக்குப் பிறகு அவனிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. போர் முடிந்துவிட்டது என்று இங்கத்தைய தொலைக்காட்சி சொல்லிவிட்டு, அடுத்ததாக நாளைக்கு மழையா வெயிலா என்று சொல்லப் போய்விட்டது. கனடாவில் இருக்கும் அக்கா, அங்கே யார் யாரோ சொன்னதையெல்லாம் கூட்டிக் கழித்து, "எதுக்கும் துடக்குக் காக்கிறது நல்லதெல்லோ" என்று தொலைபேசியில் இழுத்தார். சாவு விழுந்த வீட்டில் முப்பத்தோராம் நாள் சடங்கு முடியும் மட்டும் மச்சம் காய்ச்சக் கூடாது என்பது எங்கள் வழக்கம். அம்மா என் கையிலிருந்து தொலைபேசியைப் பறித்தார்.

"என்ர பிள்ளை இருக்கேக்க நான் ஏன் மரக்கறி தின்ன வேணும்?"

அன்றைக்குத் தொடங்கியது இந்த மீன். மீன் காய்ச்சாத நாள் தம்பி செத்த நாள் என்று அம்மா தனக்குள் ஒரு சட்டம் போட்டுக்கொண்டார். நாங்கள் அதைப் பற்றி ஒருநாளும் கதைக்கவில்லை. தமிழ்க் கடைக்காரர் வெள்ளிக்கிழமைகளிலும் எனக்கென்று ஒரு பை உறைந்த அறக்குளா மீனை எடுத்துக் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்திருப்பார். அதைத் தரும்போது பரிதாபமாகச் சூள் கொட்டுவார். எனக்கு விசர் வரும்.

காய்ச்சச் சொன்ன அம்மா சாப்பிட்டாரா என்றால், அதுவும் இல்லை. சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பார், பிறகு கையைக் கழுவிவிடுவார். சட்டை தோளிலிருந்து நழுவத் தொடங்கியது. ஒருநாள் தானாகவே வாயைத் திறந்தார்.

"உந்தக் கடல் மீன் எனக்கு இறங்குதில்லை. குளத்து மீன் கிடைச்சால் ஒரு வாய் சாப்பிடுவன்."

எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்கவில்லை. குளத்து மீனைச் சேற்று மீன் என்று மூக்கைச் சுளித்த மனிசி அவர். தம்பி கிளிநொச்சியில் கலியாணம் செய்து, குளத்து மீனுக்கு வாய் வைத்துவிட்டான் என்று எத்தனையோ தரம் திட்டியிருக்கிறார்.

"அவன் இஞ்ச வந்தால் அதைத்தான் கேப்பான்," என்றார். "இந்த நாட்டு ஏரி மீனைப் புளி விட்டுக் காய்ச்சினால் சேத்து மணம் போகுதோ எண்டு பாக்க வேணும். அவன் வந்த பிறகு தடுமாறக் கூடாது. நீ உயிரோட கொண்டு வா. செத்த மீனைக் கடையிலயே வாங்கலாம்."

டெனிஷ்காரர் ஏரி மீன் தின்பதில்லை, ஆகவே எந்தக் கடையிலும் இல்லை. பிடிக்க வேண்டும். எங்கள் பரம்பரையில் மீனை வாங்கியவர்கள் இருக்கிறார்கள், பேரம் பேசியவர்கள் இருக்கிறார்கள், பிடித்தவன் ஒருவனும் இல்லை. அம்மா ஒரு வாய் சாப்பிடுவார் என்ற ஒரே காரணத்துக்காக நான் தூண்டில் கடைக்குப் போனேன்.

தடி வாங்கியது லேசு. தூண்டில் நூலில், அந்தத் தங்கூசியில்தான் என் பிராணன் போனது. ஊரில் தங்கூசி என்றால் தங்கூசிதான், சந்தைக் கடையில் ஒரு சுருள் தொங்கும், அறுத்துத் தருவான். இங்கே ஒரு சுவர் முழுக்கத் தொங்கியது. எந்த மீனுக்கு என்று கடைக்காரப் பெடியன் கேட்டான். பெரிய மீனுக்கு என்றேன். எவ்வளவு பெரிய மீன் என்றான். அது வந்தால்தானே தெரியும் என்று சொல்ல எனக்கு அந்த நேரம் டெனிஷ் வரவில்லை. இருப்பதில் மொத்தமானதை, தடிப்பானதைத் தா, அறக் கூடாது என்றேன். அவன் தோளைக் குலுக்கிவிட்டுக் கடலுக்குப் போடுவதை எடுத்துத் தந்தான்.

வீட்டில் மனைவி அதை இழுத்துப் பார்த்தாள். "நல்லது. உடுப்புக் காயப் போடலாம்."

வேலை முடிந்ததும் நகரத்துக்கு மேற்கே உள்ள ஏரிக்குப் போய், கொளுக்கியில் டின் சோளம் குத்திப் போட்டேன். அந்தத் தங்கூசி கம்பிச் சுருள் மாதிரி வளைந்து வளைந்து தண்ணீரின் மேலே கிடந்தது. மிதவை நிமிர மறுத்துப் படுத்துக் கிடந்தது. மீன்கள் கரையோரமாக வந்து, சோளத்தைப் பார்த்து, தங்கூசியைப் பார்த்து, திரும்பிப் போயின. ஒரு கிழமை அப்படிப் போனது. ஒவ்வொரு மாலையும் வாளியில் வெறும் தண்ணீரோடு வீடு வந்தேன், ஒவ்வொரு மாலையும் அம்மா வாளிக்குள் எட்டிப் பார்த்தார்.

"இந்த ஏரி சரியில்லை," என்றேன்.

"ஆடத் தெரியாதவள் மேடை கோணல் எண்டாளாம்," என்றாள் மனைவி.

நான் வேலை செய்த பண்டகசாலையில் சுமைதூக்கி வண்டி ஓட்டும் ஒரு டெனிஷ்காரர் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இந்த மீன்களைப் பிடிப்பவர். பிடித்து, தூக்கி முகம் பார்த்துவிட்டு, திரும்பத் தண்ணீரில் விட்டுவிடுவார். அவர்களுக்கு இது விளையாட்டு. நான் வாங்கிய தங்கூசியைக் காட்டினேன். இதைக் கட்டிக் காரை இழுக்கலாம் என்று சொல்லி அந்த மனிசன் வயிற்றைப் பிடித்துச் சிரித்தார். மெல்லியது வாங்கு, மயிர் மாதிரி இருக்க வேண்டும் என்றார்.

மெல்லியது வாங்கினேன். இரண்டாம் நாளே ஒரு நல்ல மீன் கொளுவியது. தடி வளைந்தது, அம்மாவின் சோற்றுக் கோப்பையில் மீன் துண்டு விழுந்துவிட்டது என்றே நினைத்தேன். படக் என்று ஒரு சத்தம். தங்கூசி நடுவிலே அறுந்து, மிதவை தன்பாட்டில் ஏரியின் மற்றப் பக்கத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. கரையில் நின்று வாய்க்கு வந்த தூஷணமெல்லாம் தமிழில் சொன்னேன். தண்ணீரில் நீந்திக்கொண்டிருந்த ஒரு தாரா திரும்பிப் பார்த்தது.

மூன்றாம் தரம், மெல்லியதாயும் இருக்க வேண்டும் அறவும் கூடாது என்று பெடியனிடம் சண்டைக்குப் போகிற மாதிரிச் சொன்னேன். பின்னல் நூல் ஒன்று தந்தான். உண்மைதான், அது அறவில்லை. ஆனால் துளியும் இழுபடாத நூல் அது. இந்த மீன்களுக்கோ பஞ்சு வாய். நான் வெட்டி இழுக்க, வாயிலிருந்து கழன்று கொளுக்கி மட்டும் சும்மா திரும்பி வந்தது. அன்றைக்கு இரண்டு மீன் அப்படிப் போயின. ஒரு நூலுக்கு இவ்வளவு நியாயம் பேசுகிற நாட்டில் வந்து மாட்டிக்கொண்டேனே என்று தலையில் அடித்துக்கொண்டேன். மொத்தம் என்றால் மீனுக்குத் தெரியுமாம், மெல்லிசு என்றால் அறுமாம், பின்னல் என்றால் கழலுமாம். அங்கே சனம் குழந்தை குட்டிகளோடு எங்கே கிடக்கிறதென்று தெரியவில்லை, இங்கே நான் நூல் பார்த்துக்கொண்டு திரிகிறேன்.

அதைத்தான் தமிழ்க் கடைக்காரரும் சொன்னார். காருக்குள் கிடந்த தூண்டில் தடியைக் கண்டுவிட்டு, "அண்ணை, சனமெல்லாம் ஊர்வலம் உண்ணாவிரதம் எண்டு றோட்டில நிக்குது, நீங்கள் மீன் பிடிக்கப் போறியளாம்," என்றார்.

"ஓம், போறன்," என்றேன். வேறு என்னத்தைச் சொல்ல? அம்மா தம்பிக்குக் கறி பழகுகிறார் என்று சொன்னால், அவர் எனக்காகப் பரிதாபப்பட்டிருப்பார். அதை என்னால் தாங்க முடியாது. பையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

கடைசியில் வண்டிக்காரரிடமே திரும்பப் போனேன். மதியச் சாப்பாட்டு நேரம். அவர் தன் சாப்பாட்டுப் பெட்டியை ஓரமாகத் தள்ளிவிட்டு, மேசையிலே இரண்டு தங்கூசிகளை முடிந்து காட்டினார். சுருளில் நடுத்தர மொத்தம், கொஞ்சம் இழுபடும் சாதி. கொளுக்கிக்குக் கிட்ட மட்டும் ஒரு முழம் மெல்லியது. மீன் காண்பது அந்த முழத்தைத்தான். அறுந்தாலும் அந்த முழம்தான் அறும், மற்றதெல்லாம் கையில் மிஞ்சும். "இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே," என்றேன். முதல் நாள் நீ கேட்கவில்லை, காட்டத்தான் காட்டினாய் என்றார். எனக்கு அவரையும் பிடிக்கவில்லை, அவருடைய பாண் துண்டையும் பிடிக்கவில்லை. ஆனால் முடிச்சைப் பழகிக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை காலை, தகடு மாதிரித் தட்டையான, வெண்கல நிறத்து மீன் ஒன்று கொளுவியது. இழுத்தது, விட்டேன். நின்றது, சுற்றினேன். தங்கூசி இழுபட்டுக் கொடுத்தது, அறவில்லை. வலையில் கோலி எடுத்தேன். ஏரித் தண்ணீரைப் பெரிய வாளியில் நிறைத்து, மீனை அதற்குள் விட்டு, மூடியைப் பாதி திறந்து, முன் ஆசனத்தில் இருக்கைப் பட்டி போட்டு வைத்தேன். வளைவுகளில் குழந்தையை ஏற்றியவன் மாதிரிக் கார் ஓட்டினேன். நெடுநாளைக்குப் பிறகு பாட்டு ஒன்று முணுமுணுத்தேன்.

வாசலைத் திறந்தபோது வீட்டில் ஒரு மணமும் இல்லை. வெங்காயம் வதங்கும் மணம்கூட இல்லை. மனைவி குசினிக் கதவடியில் நின்றாள். சட்டிகள் எல்லாம் கழுவிக் கவிழ்த்திருந்தன.

"முகாமிலயிருந்து தம்பியின்ர பெஞ்சாதி எடுத்தவ," என்றாள். "ஆரோவின்ர போன். அவவும் பிள்ளையளும் இருக்கினம்." சொல்லிவிட்டு, கவிழ்த்திருந்த சட்டி ஒன்றை எடுத்துத் திரும்பவும் துடைக்கத் தொடங்கினாள்.

அம்மா தன் கதிரையில்தான் இருந்தார். அழுது முடித்த முகம். நான் வாளியை அவருடைய காலடியில் வைத்தேன். அவர் குனிந்து மூடியை எடுத்துப் பார்த்தார்.

"உயிரோட இருக்கோ?"

"ஓம் அம்மா."

மீனையே கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "நல்ல மீன்," என்றார். பிறகு மூடியைத் திரும்ப வைத்தார்.

"கொண்டு போய் விட்டிட்டு வா மோனை. வரேக்க வாழைக்காய் வாங்கிக்கொண்டு வா."

கொண்டு போய் விட்டேன். முழங்கால் அளவு தண்ணீரில் சப்பாத்தோடு இறங்கி வாளியைச் சரித்தேன். மீன் கொஞ்ச நேரம் என் காலடியில் நின்றுவிட்டுப் போனது.

தமிழ்க் கடைக்காரர் என்னைக் கண்டதும் வழக்கம்போல அறக்குளாப் பையை எடுத்துக் கல்லாவில் வைத்தார். நான் வாழைக்காயும் கத்தரிக்காயும் முருங்கைக்காயும் எடுத்து வந்து அதற்குப் பக்கத்தில் வைத்தேன். அவர் மரக்கறியைப் பார்த்தார், நனைந்திருந்த என் கால்சட்டையைப் பார்த்தார். மீன் பையை எடுத்துக்கொண்டு போய்த் திரும்பவும் குளிர்ப்பெட்டிக்குள் வைத்து மூடினார். அந்த மூடி சாத்தப்பட்ட சத்தத்தில்தான் எனக்கு அழுகை வந்தது.