எட்டா, போதுமா?

நாளுக்கொரு புனிதர் போட்ட காலண்டரில் அன்றைய தாளைக் கிழித்து, வாயிலிருக்கும் சூயிங்கத்தில் பட்டாணி அளவு கிள்ளித் தாளின் முதுகில் அப்பி, எதிர்ச் சுவரில் இருப்பவளின் இடது தோளில் வைத்து அழுத்துகிறாள் நூன்சியா. எதிர்ச் சுவரில் இருப்பவள் டயர் கம்பெனி காலண்டரின் மே மாதம். டயர் மேல் உட்கார்ந்திருக்கிறாள், உடம்பில் ஒரு நூல் கிடையாது. மாதக் கடைசியில் அவளைப் பார்க்க வேண்டும். முப்பத்தொரு புனிதர்கள் கழுத்திலிருந்து கணுக்கால்வரை போர்த்தி, பூசைக்குப் புறப்பட்டவள் மாதிரி இருப்பாள். ஒலிப்பதிவு செய்யும் தூல்லியோ அந்தக் காலண்டரை மாட்டிய புதிதில் சண்டை போட்டுப் பார்த்தான். இப்போது அவனே சூயிங்கம் வாங்கிக் கொடுக்கிறான்.

ரயில்வே சுவரை ஒட்டிய தெருவில், சலவைக் கடைக்குக் கீழே, பாதாள அறை ஒன்றில் இந்த டப்பிங் கூடம் இருக்கிறது. வீட்டில் சொல்லிவிட்டுப் போக முடியாத படங்களுக்கு இங்கேதான் குரல் சேர்க்கிறார்கள். பதினோரு வருடமாக அந்தப் படங்களில் வரும் பெண்களுக்கெல்லாம் நூன்சியாதான் முனகுகிறாள். வயது ஐம்பத்தெட்டு, மூட்டு வலி வேறு. மைக் முன்னால் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, மடியில் கம்பளி நூலும் கையில் ஊசியுமாகக் காலுறை பின்னிக்கொண்டே முனகுவாள். "குதிகால் திருப்பற எடம்தான் கஷ்டம். மத்தது தானா வரும்" என்பாள். காலுறையைத்தான் சொல்கிறாள்.

வசனத் தாளில் பெண்களுக்குப் பெயர் இருக்காது. பொன்முடி ஒன்று, பொன்முடி இரண்டு, கருமுடி. நூன்சியாவுக்கு இது ஆகாது. அன்றைய தாளில் எந்தப் புனிதரோ அவர் பெயரைச் சுருளில் வருபவளுக்குச் சூட்டிவிடுவாள். ஆண் புனிதராக இருந்தால் பெண்பாலாக மாற்றிக்கொள்வாள். "இன்னிக்கு இவ பேரு பாஸ்குவாலினா. வாடி பாஸ்குவாலினா, ஆரம்பிப்போம்" என்று திரையைப் பார்த்துச் சொன்ன பிறகுதான் விளக்கை அணைக்கவே விடுவாள்.

பெயர் வைத்தாலும் பேச என்ன இருக்கிறது? எல்லாம் உயிரெழுத்து. ஆ, ஈ, ஊ, ஓ. மெய்யைத் தவிர வேறெதையும் காட்டாத படத்தில் ஒரு மெய்யெழுத்துக்கு இடமில்லை. ஆண்களுக்கு முழு வாக்கியங்கள் உண்டு.

"ஆம்பளைக்குப் பாத்தியா, தொழில் இருக்கு" என்பாள் என்னிடம். "குழாய் ரிப்பேருக்கு வர்றவன், டாக்டரு, தபால்காரன். பொம்பளைக்கு என்ன வேலை? கதவத் தொறந்து விடறது. பதினோரு வருசமா தொறந்து விட்டுக்கிட்டு இருக்கேன் கண்ணு, ஒரு குழாயாவது சரியாச்சா?"

பெண்ணைப் பண்டமாக்குவது பற்றி எங்கள் பெண்கள் குழு நாற்பது பக்கத்தில் ஒரு அறிக்கை போட்டிருந்தது. நான்தான் எழுதினேன். அதில் குழாய் வரவில்லை என்று எனக்கு இன்றைக்கும் வருத்தம்.

அவளை நான் சந்தித்ததே அந்த அறிக்கையோடுதான். மூன்று வருடத்துக்கு முன்னால் நாங்கள் ஒன்பது பேர் ஒலிபெருக்கியோடு இந்தக் கூடத்தின் வாசலில் நின்று, "எங்கள் உடல் கடைச்சரக்கல்ல" என்று கத்திக்கொண்டிருந்தோம். படியேறி ஒரு தடித்த பெண்மணி செருப்பைத் தேய்த்துக்கொண்டு வந்தாள். போலீசைக் கூப்பிடப் போகிறாள் என்று நினைத்தேன்.

"யாரும்மா அது, தொண்டையிலேருந்து கத்தறது? நீதானா? நாளைக்குக் குரல் கட்டிக்கும், பாத்துக்க. வயித்துலேருந்து எடு." என் கையிலிருந்த ஒலிபெருக்கியை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, வெறும் வாயால் எங்கள் கோஷத்தை ஒரு தடவை சொல்லிக் காட்டினாள். எதிர் வீட்டில் மூன்று ஜன்னல்கள் திறந்தன. "இப்பிடி. சரி, உள்ள வா, காப்பி போடறேன். எதை எதிர்க்கறேன்னு பாத்துட்டு எதிர்க்க வேணாமா?"

போனேன். அன்று போனவள்தான். லிவியா எதிரி முகாமில் காப்பி குடிக்கிறாள் என்று தோழிகள் இன்னும் சொல்லிக்காட்டுகிறார்கள்.

அவள் குரல் இந்த ஊரில் வேறு இரண்டு இடங்களிலும் கேட்கும். வானொலியில் சூப்புக் கட்டி விளம்பரத்தில் வரும் கோழி அவள்தான். சனிக்கிழமை மாலையில் பங்குக் கோயில் வானொலியில் செபமாலை சொல்வதும் அவள்தான். ஒருமுறை புதிதாக வந்த பங்குச்சாமியிடம் பாவசங்கீர்த்தனம் செய்யப் போயிருக்கிறாள். "என்னை ஆசீர்வதியும் சாமி" என்று ஆரம்பித்ததுமே கூண்டின் வலைக்கு அந்தப் பக்கம் சாமிக்குத் தூக்கிவாரிப் போட்டதாம்.

"கோழியா தெரிஞ்சுதா சாமி, இல்ல வேற எங்கயாவது கேட்டீங்களா?" என்று கேட்டாளாம். அந்த வாரம் அவளுக்குப் பரிகாரமே கொடுக்காமல் அனுப்பிவிட்டார்.

ஏன் இந்த வேலையை விட்டுத் தொலைக்கக் கூடாது என்று நானும் கேட்டுப் பார்த்துவிட்டேன்.

"நான் போனா இன்னொருத்தி வருவா. அவ படத்தப் பாப்பா. நான் வாயைப் பாக்கறேன். டப்பிங்குக்கு வாய்தானே முக்கியம்? இந்தப் பதினோரு வருசத்துல இந்தப் பொண்ணுங்க மூஞ்சியப் பாத்தது இந்த நாட்டுலயே நான் ஒருத்திதான். எவளுக்குப் பல்லு வலி, எவளுக்குத் தூக்கம் வருது, எவ காலைல அழுதுட்டு வந்துருக்கா, எல்லாம் சொல்லுவேன்." இது நல்ல பதில் இல்லை என்று அவளிடமே சொன்னேன். "நல்ல பதில் உன் அறிக்கைல இருக்குல்ல, அப்பறம் என்ன?" என்றாள்.

பிப்ரவரி ஒன்பதாம் தேதி நடந்ததைச் சொல்ல வேண்டும். அன்றைய தாளில் புனித அப்பொலோனியா, பல்வலிக்காரர்களின் காவல். படம் எல்லைக்குப் பக்கத்தில் எங்கோ எடுத்தது. அந்தப் பக்கத்திலிருந்து, யுகோஸ்லாவியாவிலிருந்து, பெண்களைக் கூட்டி வந்திருந்தார்கள்.

எங்கள் ஊர்ப் படப்பிடிப்பில் யாரும் வசனம் மனப்பாடம் செய்வதில்லை. குரலைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம், வாய் அசைந்தால் சரி என்று ஒன்று, இரண்டு, மூன்று என எண்ணச் சொல்வார்கள். முப்பத்தேழு, முப்பத்தெட்டு என்று சொல்லியே உருகிக் காதலித்தவர்கள் உண்டு. குரல் சேர்க்கும்போது படத்தை ஒரு நிமிடத் துண்டுகளாக வெட்டி, முனையோடு முனை ஒட்டி வளையமாக்கி ஓட்டுவார்கள். குரல் சரியாகப் பொருந்தும்வரை அதே நிமிடம் திரும்பத் திரும்ப வரும்.

அப்பொலோனியாவின் வளையம் மூன்றாவது சுற்று சுற்றும்போது நூன்சியாவின் ஊசி நின்றது. அது நின்று நான் பார்த்ததே இல்லை.

"ஒரேஸ்தே தம்பி, இவ என்ன சொல்றா?"

ஒரேஸ்தே டப்பிங் இயக்குநர். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ரொட்டி தின்றுகொண்டிருந்தார். "எண்ணறா. அஞ்சு, ஆறு, ஏழு, எட்டு. உனக்கு என்னாத்துக்கு அது? தாள்ல 'ஆமா, ஆமா'ன்னு போட்ருக்குல்ல, அதச் சொல்லு."

"அஞ்சு, ஆறு, ஏழு சரி. அதுக்கப்பறம் மூணு தடவை ஒரே வாய். எட்டு, எட்டு, எட்டுன்னு எவளாவது எண்ணுவாளா?"

"கணக்குல மட்டமா இருப்பா. ஓட்டு தூல்லியோ."

"ஓட்டு. ஆனா மொதல்ல நீ எட்டுன்னு சொல்லுடா தூல்லியோ, கண்ணாடிகிட்ட வந்து."

எங்கள் மொழியில் எட்டு என்பது 'ஒத்தோ'. தூல்லியோ கண்ணாடியருகே வந்து மூன்று தடவை சொன்னான். தொடக்கத்தில் உதடு குவிந்தது, முடிவிலும் குவிந்தது. திரையில் இருந்தவளுக்குத் தொடக்கம் குவிந்தது. முடிவில் வாய் திறந்தது, ஒவ்வொரு தடவையும்.

நூன்சியா எழுந்து படியேறிப் போய் மேலே சலவைக் கடையில் இஸ்திரி போடும் ஸோர்க்காவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். ஸோர்க்கா அந்தப் பக்கத்துக்காரி. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே நின்று பார்த்தாள். வளையம் ஒரு சுற்று வந்தது. இரண்டாவது சுற்று அவளுக்குத் தேவைப்படவில்லை.

"எட்டு இல்லக்கா. தொஸ்தா. எங்க பாஷைல 'போதும்'னு அர்த்தம்." திரையைப் பார்த்தபடியே, "இத எத்தன பேரு பாத்துருப்பாங்க?" என்றாள்.

"எடுத்தவன், வெட்டுனவன், ஒட்டுனவன், எல்லாரும் பாத்துருக்கான். வாயைத்தான் ஒருத்தனும் பாக்கல" என்றாள் நூன்சியா.

பிறகு நூலையும் ஊசியையும் தரையில் வைத்துவிட்டு மைக்குக்கு வந்தாள். வளையம் சுற்றியது. நடிப்பு எதுவும் இல்லாமல், உதட்டுக்கு உதடு பிசகாமல் சொன்னாள். "போதும். போதும். போதும்."

ஒரேஸ்தே ரொட்டியோடு வெளியே ஓடி வந்தார். "பைத்தியமா உனக்கு? டிக்கெட் எடுத்துட்டு வர்றவன் இதக் கேட்டா என்னாவான்?"

"என்னாவான்?"

"எந்திரிச்சுப் போயிருவான்!"

"அப்பப் புரியும்ங்கிறே. வாய் தெரியலன்னாலும் காது கேக்குமில்ல அவனுக்கு."

ஒரேஸ்தே கெட்டவர் இல்லை. மூன்று பெண் குழந்தைகளுக்கு அப்பா, பிறந்த நாளுக்கு எங்களுக்கெல்லாம் கேக் வாங்கி வருபவர். அதனால்தான் எனக்கு ஆத்திரம் அதிகமாக வந்தது. அவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு தூல்லியோவிடம் அந்த இடத்தை அழிக்கச் சொன்னார். "ஆமா, ஆமா" என்று சொல்ல நூன்சியா மறுத்துவிட்டாள். கடைசியில் அந்தப் பதினைந்து விநாடிக்கு ஒரு சாக்ஸபோனை வைத்து மூடினார்கள்.

"இன்னொரு தடவை இந்த வம்பு பண்ணா வேற ஆளப் பாத்துக்குவேன் நூன்சியா, சொல்லிட்டேன்" என்றார் ஒரேஸ்தே. அது சும்மா மிரட்டல் இல்லை. அறுபதை நெருங்கும் தொண்டையை வேறு யார் கூப்பிடப் போகிறார்கள்? கோழி மட்டும்தான் மிஞ்சும்.

அன்று அப்பொலோனியாவின் தாள் சுவருக்குப் போகவில்லை. மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். பிப்ரவரிக்காரிக்கு மாதம் முடியும்வரை வலது முழங்கை மூடாமலே இருந்தது.

இதை எழுதப் போகிறேன் என்றேன். "எழுதேன். உன் பத்திரிகைய உன் ஆளுங்க படிப்பாங்க. கொட்டாய்ல உக்காந்துருக்கறவன் படிப்பானா?" என்று கேட்டாள். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. உண்மைதான்.

போன வாரம் அந்தப் படம் ரயில் நிலையத்துப் பக்கத்துக் கொட்டகைக்கு வந்தது. நாலு மணி ஆட்டம். நூன்சியா ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியும் நல்ல கோட்டும் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். வாசலில் சுவரொட்டி. ஆண் நடிகர்கள் இருவரின் பெயர் மட்டும் கீழே கொட்டை எழுத்தில் இருந்தது. கைப்பையைத் திறந்து, அந்த மடித்த தாளை எடுத்து, வாயிலிருந்து சூயிங்கத்தைக் கிள்ளி, அந்தப் பெயர்களுக்கு மேலே அப்பொலோனியாவை ஒட்டினாள்.

டிக்கெட் கொடுப்பவன் எட்டிப் பார்த்தான். "அம்மா, இது சாமி படம் இல்லம்மா."

"தெரியும்ப்பா. என் படம்தான். ரெண்டு குடு."

உள்ளே முப்பது ஆண்கள் இருந்திருப்பார்கள். ஒருவருக்கொருவர் நாலு நாற்காலி விட்டு, மடியில் செய்தித்தாளோடு உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் முதல் வரிசையில் உட்கார்ந்தோம். திரையில் நூன்சியா ஆ என்றாள், ஓ என்றாள். என் பக்கத்தில் நூன்சியா காலுறைக்குக் குதிகால் திருப்பிக்கொண்டிருந்தாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "சும்மா இரு புள்ள, கண்ணி தப்பிரும்" என்று அதட்டினாள்.

சாக்ஸபோன் ஆரம்பித்தது. என் சிரிப்பு நின்றுவிட்டது. நூன்சியா ஊசியை நூலுருண்டையில் குத்தி என் மடியில் வைத்தாள். எழுந்தாள். தொப்பியைச் சரிசெய்துகொண்டாள். இங்கே இருப்பவர்களில் எவனாவது ஒருவனுக்கு ஒரேஸ்தேயைத் தெரிந்திருந்தாலும் நாளைக்கு அவளுக்கு வேலை கிடையாது. கண் திரையில் அந்த வாயின் மேலேயே இருந்தது. அஞ்சு, ஆறு, ஏழு.

"போதும்."

சாக்ஸபோன் அதற்குமேல் கேட்கவில்லை. வயிற்றிலிருந்து எடுத்தாள்.

"ஏ கிழவி, உக்காரு!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்.

"போதும்." திரையில் உதடு குவிந்து திறந்தபோது இவள் உதடும் குவிந்து திறந்தது. அரை மணி நேரமாக அவர்கள் கேட்டுக்கொண்டிருந்த அதே குரல். கத்தியவன் மறுபடி கத்தவில்லை.

"போதும்."

எங்கோ ஒரு நாற்காலி படாரென்று மடங்கியது. யாரோ கதவை நோக்கி நடந்தார்கள். நூன்சியா உட்காரவில்லை. திரைக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, அந்த அரையிருட்டில், முன் வரிசையிலிருந்து தொடங்கி, அவர்களின் வாயை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனாள்.