தள்ளிப்போன தேதி

ஆம்பூர் ஷூ கம்பெனியில் எனக்குப் பக்கத்துத் தையல் மிஷின் அம்பிகாவுடையது. வம்புக்குப் போகமாட்டாள், வந்த வம்பையும் என் பக்கம் தள்ளிவிடுவாள். அவளுக்கும் சேர்த்துச் சண்டை போட்டே என் வாய் கெட்டுப்போனது.

கல்யாணம் நிச்சயமானதும் அவள் அம்மா சுந்தரியம்மா முதலில் பார்த்தது காலண்டரைத்தான். அம்பிகாவுக்கு மாதவிலக்கு நாள் தவறாமல் வரும். அந்த நாட்களில் சாமி விளக்கைக்கூடத் தொடவிடாத வீடு. மணவறையில் உட்கார விடுவார்களா? அதற்கேற்றபடி முகூர்த்தம் குறித்தார்கள். எல்லா வீட்டிலும் நடப்பதுதான்.

நிச்சயத்தன்று பந்தியில் மாப்பிள்ளை பூவரசனின் அத்தை, பெண் கொஞ்சம் ஜாஸ்தி பூசினாற்போல் இருக்கிறாள் என்று எல்லார் காதிலும் விழும்படி சொல்லிச் சிரித்தாள். அம்பிகா பாதியில் இலையை மூடிவிட்டு எழுந்தாள். அவமானம் அவளைத் தின்றுவிட்டது. மறுநாளிலிருந்து விடியற்காலை ஸ்கூல் மைதானத்தில் ஓட்டம், சாயங்காலம் மொட்டை மாடியில் ஸ்கிப்பிங், மதியத்துக்கு வெறும் வெள்ளரிக்காய். பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடியறியாதவள் அவள். போதும்டி என்று நான் கத்தியதைக் காதிலேயே வாங்கவில்லை.

அந்த மாதம் வரவில்லை. அடுத்த மாதமும் வரவில்லை.

சுந்தரியம்மாவுக்குத் தூக்கம் போனது. கம்பெனி கேட்டில் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, அம்பிகா யாரோடாவது பழகுகிறாளா என்று விசாரித்தார். வந்த கோபத்தில் என்னென்னவோ பேசிவிட்டேன். அதோடு விட்டாரா? ஆம்பூரில் தெரிந்தவர் கண்ணில் பட்டுவிடுவோம் என்று பெண்ணை வேலூருக்கு டாக்டரிடம் கூட்டிப்போனார். பஸ்ஸில் குரலைத் தாழ்த்திக் கேட்டிருக்கிறார்.

"யாருன்னு மட்டும் சொல்லிடுடி. அப்பா கிட்ட நான் பேசிக்கிறேன்."

வேலூர் வரும்வரை அம்பிகா ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாளாம்.

நாள் தள்ளிப்போனால் யாருக்கும் முதலில் செய்வதுதான் என்று டாக்டரம்மா சிறுநீரைச் சோதித்தார். கர்ப்பம் இல்லை. ரத்தமும் பார்த்து, எல்லாம் விசாரித்துவிட்டு விளக்கிச் சொன்னார். ஓடுவது தப்பில்லை. பழக்கமில்லாத உடம்பை ஒரேயடியாக ஓடவிட்டு, சோற்றையும் குறைத்தால், இருக்கிற சத்து தனக்கே போதாதென்று உடம்பு மாதவிலக்கை நிறுத்திவைத்துவிடும். ஓட்டத்தைக் குறைத்து வயிறாரச் சாப்பிட்டால் திரும்பி வரும். எந்தத் தேதி என்று மட்டும் சொல்ல முடியாது.

சுந்தரியம்மா வெட்கத்தில் செத்துப்போனார். மன்னித்துக்கொள் என்று சொல்ல வாய் வரவில்லை. மறுநாளிலிருந்து டிபன் பாக்ஸில் சோற்றுக்கு அடியில் இரண்டு முட்டை வந்தது. அம்பிகா அதை என் பக்கம் தள்ளினாள். ஒழுங்காகத் தின்கிறாயா, இல்லை நான் ஊட்டிவிடட்டுமா என்று எல்லாரும் திரும்பிப் பார்க்கும்படி திட்டினேன். பிறகு சாப்பிட ஆரம்பித்தாள். ஆனால் அம்மாவும் பெண்ணும் ஒரே வீட்டில் முகம் பார்க்காமல் வளைய வந்தார்கள்.

கல்யாணத்தன்று காலையில், கூரைப் புடவை கட்டும் நேரத்தில் வந்துவிட்டது.

மணமகள் அறையில் அம்பிகா என்னிடம்தான் முதலில் சொன்னாள். நான் ஓடிப்போய் சுந்தரியம்மாவைக் கூட்டி வந்து கதவைச் சாத்தினேன்.

"வந்துடுச்சிமா. இப்பவாவது நம்புறியா?"

சுந்தரியம்மா தரையைப் பார்த்தபடி சொன்னார். "அன்னிக்கே நம்பிட்டேன்டி. உன் மூஞ்சியப் பார்க்கத்தான் வெக்கமா இருந்திச்சி."

மாப்பிள்ளையின் அத்தை வெளியிலிருந்து கதவைத் தட்டினாள். முகூர்த்த நேரம் நெருங்குகிறது, பெண் உள்ளே என்ன செய்கிறாள் என்று கேட்டாள். காலண்டர் பார்த்துக் கல்யாணம் குறித்தவர், இப்போது நிறுத்திவிடுவார் என்றே நினைத்தேன். சுந்தரியம்மா என் பையிலிருந்த நாப்கினை வாங்கி மகளிடம் கொடுத்தார். புடவைக் கொசுவத்தைத் தானே மடித்துச் சொருகினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு கதவை லேசாகத் திறந்தார்.

"எம் பொண்ணு சாப்ட்டுனு இருக்கா. வயிறாரச் சாப்ட்டுட்டுத்தான் வருவா."

அத்தை திரும்பிப் போனாள். சுந்தரியம்மா மகளின் கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்துப்போனார். போகும்போது அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு போனார்.