பனியை வழித்த முற்றம்

எங்கள் ஏரிக்கரையில் கடைசி வீடு ரைலி கெம்பைனனுடையது. கணவர் வில்யோ பக்கவாதத்தில் விழுந்த நாளன்று ஆம்புலன்ஸ் அந்த வீட்டு முற்றத்தின் பனியில் சிக்கிக்கொண்டது. அன்றிலிருந்து ரைலி தினமும் காலையில் முற்றத்தைத் தரை தெரிய வழித்துவிடுவாள்.

முற்றத்து மண்ணுக்கு அடியில் கிணற்றிலிருந்து வீட்டுக்கு வரும் குழாய் ஓடியது. அந்த ஜனவரியில் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே முப்பது டிகிரியைத் தாண்டி இறங்கியது. ஒரு காலை, சமையலறைக் குழாய் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது.

உறைந்த குழாயை இளக்கச் சுடுநீர் இயந்திரத்தோடு வந்த குழாய்க்காரன் தவுனோ முற்றத்தைப் பார்த்தான்.

"என்ன ரைலி, டான்ஸ் ஆடவா தரைய இப்படி வழிச்சு வச்சிருக்க?"

"வண்டி வரணும்ல."

"பனிதான் குழாய்க்குப் போர்வை. அத உருவிட்டா தண்ணி உறையாம என்ன செய்யும்?"

ரைலி ஓரத்தில் குவித்திருந்த பனியை மறுபடி அள்ளி அள்ளிக் குழாய்த் தடத்தின் மேல் கொட்டத் தொடங்கினாள்.

"இப்ப கொட்டி பிரயோஜனமில்ல, விடு" என்றான் தவுனோ. அவள் விடவில்லை.

அவன் குழாய்க்குள் செலுத்திய சுடுநீர் ஹோஸ் வளைவில் முட்டி நின்றது.

"இதுக்கு மேல தள்ளுனா குழாய் கிழிஞ்சிரும்."

"தள்ளு."

"ரைலி..."

"தள்ளுன்னு சொல்றேன்ல!"

அவன் ஹோஸைச் சுருட்டிக்கொண்டான். "இனிமே தரை இளகுனாத்தான் தண்ணி."

அதன்பிறகு ரைலி ஏரிப் பனிக்கட்டியில் துளை போட்டுத் தண்ணீர் மொண்டு, சறுக்குவண்டியில் பால்கேன்களை வைத்து இழுத்து வந்தாள். படுக்கையிலேயே கிடந்த வில்யோவின் விரிப்புகளைத் தினமும் துவைத்தாக வேண்டும். விரல் மூட்டுகள் வெடித்து ரத்தம் கசிந்தது. அக்கம்பக்கத்தில் நாங்கள் கேட்டால், "முடியுது, முடியுது" என்பாள்.

பிப்ரவரியில் வில்யோ தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார். தம்ளரை உதட்டில் வைத்தால் பல்லைக் கடித்துக்கொண்டார்.

"குடியேன். வாயெல்லாம் காஞ்சு கெடக்கு."

பாதி வாயால் அவர் சொன்னது புரிய நேரமானது.

"குடிச்சா... நீ... துவைக்கணும்."

ரைலி கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து, ஊர் முதியோர் மருத்துவமனைக்குத் தானே போன் செய்தாள். வண்டியில் ஏற்றும்போது அவர் அவளைப் பார்க்க மறுத்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இரண்டு நாள் புகைபோக்கியில் புகையில்லை. தவுனோதான் போய்க் கதவைத் தட்டி அடுப்பு மூட்டினான்.

மே மாதம் குழாயில் துருநிறத்தில் தண்ணீர் கொட்டியது. ரைலி கையைக்கூடத் துடைக்காமல் மருத்துவமனைக்குப் போன் போட்டாள். நர்ஸ் போனை வில்யோவின் காதருகே பிடித்தாள்.

"தண்ணி வந்துருச்சு. கேக்குதா?"

நீண்ட மூச்சுச் சத்தம்.

"காப்பி... போடு."

அவரை வீட்டுக்கு அனுப்ப ஜூன் ஆகிவிட்டது.