சத்தம் அடங்கும் பக்கம்

பினாங்கில் கடைவேலைக்குப் போன அப்பாவிடமிருந்து, ஜப்பான்காரன் அந்த ஊரைப் பிடித்ததிலிருந்து ஒரு தகவலும் இல்லை. எனக்குக் காலேஜில் கடைசி வருஷம். பெரியப்பா அரிமளத்திலிருந்து வரும்போதெல்லாம் ஒரே பேச்சு: குண்டு விழுந்த ஊரில் தம்பி பிழைத்திருக்க வழியில்லை, ஆகவேண்டிய காரியத்தைச் செய்து முடித்துவிடலாம். காரியம் என்றால் கருமாதி. அம்மாவின் தாலியை இறக்குவது. என் அப்பா செத்துப்போனார் என்று முடிவுகட்ட இவர் யார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் அவர் அனுப்பும் நெல்லைத்தான் பொங்கித் தின்றோம். வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் பௌதிக வாத்தியார், ரேடியோ அலை எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காட்டும் கருவியைச் செய்யச் சொல்லியிருந்தார். இரண்டு மரச்சட்டங்களைப் பெருக்கல் குறி மாதிரி அடித்து, நாலு முனையையும் சேர்த்துச் செம்புக் கம்பியைச் சுற்றினால் அதுதான் வளையம். அதை வால்வு ரேடியோப் பெட்டியோடு இணைத்து, ஹெட்போனைக் காதில் வைத்துக்கொண்டு மெல்லத் திருப்ப வேண்டும். வளையத்தின் முகம், அதாவது அகன்ற பக்கம், நிலையத்தைப் பார்க்கும்போது சத்தம் அடங்கிவிடும். அடங்கும் பக்கம்தான் திசை. சொல்வதற்கென்ன, காலேஜில் அது அடங்கவே மாட்டேன் என்றது. கூரையில் இருந்த இரும்பு உத்தரம்தான் கெடுக்கிறது என்று சொல்லி, அனுமதி வாங்கித் திருக்கோகர்ணத்தில் எங்கள் வீட்டுக் கொல்லைக்குக் கொண்டுவந்தேன்.

இங்கேயும் கழுத்தை அறுத்தது. திருச்சி ரேடியோவில் பேசுகிறவர் குரல் தேய்ந்துகொண்டே போய், முழுசாக நிற்காமல் முனகும். கம்பியைப் பிரித்தேன், சுற்றினேன், மறுபடி பிரித்தேன். அழுகையே வந்துவிட்டது. அம்மா வந்து இது என்ன பாடு என்று கேட்டாள். எரிச்சலோடு விளக்கினேன். வளையம் ஆளைப் பார்த்து நின்றால் சத்தம் வராது, சத்தம் வராத பக்கத்தில்தான் ஆள் இருக்கிறான் என்றேன். அவள் அதை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

மறுநாள் சாயந்திரம் ஒருவழியாக அடங்கித் தொலைத்தது. அந்த நேரம் பார்த்துப் பெரியப்பா வந்தார். தை பிறந்ததும் காரியத்தை வைத்துக்கொள்ளலாம், நாள் பார்த்தாயிற்று என்றார். அம்மா அவர் எதிரே நின்று பேசி அதுவரை நான் பார்த்ததில்லை. அன்றைக்கு நேரே வந்து நின்றாள். ஹெட்போனை அவரிடம் கொடுக்கச் சொன்னாள். திருச்சிக் குரல் கேட்டதும் அவர் தலையாட்டினார். வளையத்தின் முகத்தை வடக்கே, திருச்சிப் பக்கம் திருப்பச் சொன்னாள். திருப்பினேன்.

"இப்பக் கேக்குதாங்க?" என்றாள்.

"இல்ல."

"திருச்சியில பேசுறவுக செத்தா போயிட்டாக? பேசிக்கிட்டுத்தான் இருக்காக. நமக்குக் கேக்கல, அம்புட்டுத்தான்."

பெரியப்பா ஹெட்போனைக் கழற்றிப் பெட்டிமேல் வைத்தார். யுத்தம் முடியட்டும், பார்ப்போம் என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். எனக்குத் துள்ளிக் குதிக்கலாம் போலிருந்தது.

அம்மா ஹெட்போனை எடுத்துத் தன் காதில் வைத்துக்கொண்டாள். பினாங்கு எந்தப் பக்கம் என்று கேட்டாள். கிழக்கே என்று சொல்லி, வளையத்தின் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிவிட்டேன். முகம் கிழக்கே போனால் விளிம்பு திருச்சியைப் பார்க்கும். விளிம்பு பார்த்தால்தான் சத்தம் உச்சத்தில் வரும். என் புத்தி அப்போது எங்கே மேயப் போயிருந்ததோ! அவள் காதில் இருந்த ஹெட்போனையும் மீறி எனக்கே கேட்டது. திருச்சியில் யாரோ சுகமாகப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

அம்மாவுக்கு முகம் செத்துவிட்டது.

"சத்தம் வருதேடா," என்றாள். "அப்ப அங்கிட்டு யாரும் இல்லையா?"

அலை, முகம், விளிம்பு என்று என்னென்னவோ உளறினேன். எதுவும் அவளுக்கு ஏறவில்லை. தாலியைக் கையில் பிடித்துக்கொண்டாள். பெட்டிக்குப் பின்னால் கையை விட்டுப் பாட்டரிக் கம்பியைப் பிடுங்கினேன்.

அவள் ஹெட்போனைக் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள்.

"அடங்கிருச்சு," என்றாள். "இருக்காக."