மாதாவின் கழுத்தில் என் பதக்கச் சங்கிலி

என் கலியாணத்தன்று என் கழுத்தில் ஐந்து உருப்படி கிடந்தது. அட்டியல், தாலிக்கொடி, இரண்டு சங்கிலி, எல்லாவற்றுக்கும் கீழே அம்மா தந்த பதக்கச் சங்கிலி. வயிறு வரைக்கும் வரும் நீளம், நுனியில் சிவப்புக் கல் பதித்த பதக்கம். மன்னார்த் தீவில் எங்கள் ஊரில் அவ்வளவு நீளச் சங்கிலி வேறு யாரிடமும் இருக்கவில்லை. அப்படியிருந்தும் அன்று சனம் பார்த்தது என்னையல்ல. தோழியாக என் பக்கத்தில் நின்ற மாமாவின் மகளை, என் மச்சாளைத்தான் பார்த்தது.

அவளிடம் இருந்தது இரண்டே இரண்டு நூல் சங்கிலி. ஒன்று கழுத்துக்குழியில் நின்றது, மற்றது அதற்கு மூன்று விரல் கீழே. இடது கையில் ஒரு பொன் காப்பு, அதற்கு முன்னும் பின்னும் இந்தியாவில் இருந்து தலைமன்னார்க் கப்பலில் வந்த பச்சைக் கண்ணாடிக் காப்புகள். வலது கையில் ஒன்றுமில்லை. என் மாமியார் பக்கத்து மனிசியிடம், "அந்தப் பிள்ளைக்கு நகை போடத் தெரியுது," என்றார். பந்தலில் இருக்கும் மணப்பெண்ணின் காதில் விழச் சொல்லும் கதையா அது?

வயிறு எரிந்தது என்று சொன்னால் போதாது. அதற்குப் பிறகு ஞாயிறு பூசைக்கு நான் போனது செபிக்கவா, அவள் கழுத்தைப் பார்க்கவா என்று கேட்டால் பொய் சொல்லமாட்டேன். ஒரு கிழமை சங்கிலியோடு வெள்ளைப் பாசிமணி போட்டிருப்பாள். மறு கிழமை அதே மணியைக் கையில் மூன்று சுற்றுச் சுற்றிக் காப்போடு விட்டிருப்பாள். இருப்பது நாலு சாமான், ஆனால் ஒரு நாள் போட்டது போல மறுநாள் இல்லை. என்னிடம் அதைவிடக் கூட இருந்தது. எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு நின்றால் நகைக்கடைக்காரன் ஆணியில் தொங்கவிட்டது போலத்தான் இருந்தேன்.

ஒருநாள் வெட்கத்தை விட்டு அவளிடமே கேட்டேன். ஒளிக்காமல் சொன்னாள், அதுதான் இன்னும் எரிச்சல்.

"ஒண்டுக்கும் மற்றதுக்கும் இடையில மூண்டு விரல் விடுங்கோ, மச்சாள். மேல கிடக்கிறது மெல்லிசா இருக்கவேணும். பாரமானது கீழ போகவேணும்."

அடுத்த ஞாயிறு அளந்து அளந்து போட்டேன். பிரசங்கம் முடிவதற்குள் மூன்று சங்கிலியும் ஒன்றையொன்று பிடித்து ஒரே முடிச்சாகிவிட்டன. வீட்டுக்கு வந்து கதிரையில் இருக்க, என் மனிசன் வலையில் சிக்கெடுக்கும் பொறுமையோடு ஒவ்வொன்றாகப் பிரித்தார். பிரித்துத் தந்துவிட்டு, "அவளுக்கு மட்டும் எப்பிடியப்பா சிக்குப்படாமல் கிடக்குது?" என்றார். அன்று மத்தியானம் அவர் தானே சோறு போட்டுச் சாப்பிட்டார்.

மூன்றாம் வருடம், என் மகன் ஓடித்திரியத் தொடங்கிய நேரம், மச்சாளுக்கு வங்காலையில் மாப்பிள்ளை பொருந்தியது, பெண் வீட்டோடு வந்து இருக்கிற மாப்பிள்ளை. எங்கள் பக்கத்தில் கலியாணம் என்றால் சொந்தக்காரிகள் ஆளுக்கொரு நகை இரவல் கொடுப்போம். பெண்ணின் கழுத்து நிறைந்திருக்கவேண்டும், மறுநாள் எல்லாம் அவரவர் வீட்டுக்குத் திரும்பிவிடும். கேட்டால் இல்லையென்று சொல்வது வழக்கமில்லை. என் கலியாணத்தன்று என் கழுத்தில் கிடந்த ஐந்தில் இரண்டு அவள் வீட்டு நகை என்பதையும் இங்கே சொல்லிவிடவேண்டும்.

அவள் வந்தபோது முற்றத்தில் மாமியார் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"மச்சாள், எல்லாரும் தாறது கட்டைச் சங்கிலியள்தான். கீழ விடுறதுக்கு உங்கட பதக்கச் சங்கிலி இருந்தாத்தான் சரிவரும். ஒரு நாளைக்குத் தாறீங்களோ?"

எனக்கு அப்போதே கண்ணில் தெரிந்தது. அம்மாவின் சங்கிலி அவள் கழுத்தில் கிடக்கும், ஊர் முழுக்க வாய் பிளக்கும். பிறகு நான் அதைப் போடும்போதெல்லாம் அவள் போட்ட வடிவைப் பற்றித்தான் கதைப்பார்கள். அம்மா எனக்கென்று தந்தது அது ஒன்றுதான். அதையும் அவள் என்னைவிட வடிவாகப் போட்டுக்காட்டினால் எனக்கு என்ன மிச்சம்? வாய் தானாகத் திறந்தது.

"அது மாதாவுக்கு நேந்தது. பிள்ளைக்குக் காய்ச்சல் கடுமையா வந்த நேரம் நேந்திட்டன். இனி ஆற்ற கழுத்திலயும் ஏறக்கூடாது."

பிள்ளைக்கு வந்தது வெறும் தடிமன் காய்ச்சல், இரண்டாம் நாளே ஓடித்திரிந்தான். மாமியார் நெற்றியில் சிலுவை போட்டார். "எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லையே, பிள்ளை," என்றார். மச்சாள் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். "மாதாட சாமானெண்டால் கேக்கக்கூடாதுதான்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வென்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன். கலியாணத்தன்று காலை அலுமாரியைத் திறந்தபோதுதான் உறைத்தது. யாருடைய கழுத்திலும் ஏறக்கூடாது என்றால் என் கழுத்திலும்தானே. மாமியார் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அலுமாரியை மூடிவிட்டுத் தாலிக்கொடியும் ஒரு கட்டைச் சங்கிலியுமாகப் போனேன்.

அங்கே போய்ப் பார்த்தால், பக்கத்து ஊர்த் தாராபுரத்தில் இருந்து வந்து அவளோடு படித்த முஸ்லிம் தோழி ஒரு நீளப் பவளமாலை கொடுத்திருந்தாள். பொன்னெல்லாம் மேலே, எல்லாவற்றுக்கும் கீழே அந்தச் சிவப்பு. கையிலும் பொன் காப்புகளுக்கு இடையில் அதே சிவப்பில் கண்ணாடிக் காப்பு. என் சங்கிலி கிடந்திருந்தால்கூட அவ்வளவு வடிவு வந்திருக்காது. நான் கொடுக்காததால் அவளுக்கு ஒரு குறையும் வரவில்லை என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பலகாரத் தட்டைத் தொடாமலே எழும்பிவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்துக் கோயில் திருவிழாவுக்குக் கொடியேறியது. பூசை முடிவில் பங்குச் சுவாமி ஒரு அறிவித்தல் சொன்னார். பிள்ளை சுகமானதற்கு நன்றியாக ஒரு தாய் மாதாவுக்குப் பதக்கச் சங்கிலி கொடுக்கிறார், எல்லாரும் அந்தக் குடும்பத்துக்காகச் செபியுங்கள் என்றார். பெயர் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இல்லை. கோயில் முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது.

மாமியார்தான் போய்ச் சொல்லியிருக்கிறார் என்று மனதுக்குள் திட்டித் தீர்த்தேன். எழும்பி நின்று பொய் என்று சொல்ல முடியுமா? பிள்ளையின் பெயரில் நேர்ந்ததாகச் சொன்ன சாமானைக் கொடுக்காமல் விட எந்தத் தாய்க்குத் துணிவு வரும்? அந்தக் கிழமை முழுக்கப் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். அவன் ஒருதரம் தும்மினாலும் ஓடிப்போய்க் கொத்தமல்லி அவித்தேன்.

திருவிழா அன்று சங்கிலியைக் கைலேஞ்சித் துணியில் பொதிந்து கோயிலுக்குக் கொண்டுபோனேன். மாதா சுரூபத்தைச் சோடிக்கிற பொறுப்பை அந்த வருடம் வேறு யாருக்குக் கொடுப்பார்கள்? மச்சாள்தான் மர வாங்கில் ஏறி நின்றாள். வேறு சனம் இன்னும் வந்திருக்கவில்லை. கைலேஞ்சியை நீட்டினேன், குனிந்து வாங்கினாள்.

முதலில் ஒரு மெல்லிய மணிமாலையைக் கழுத்தோடு போட்டாள். மூன்று விரல் விட்டு ஒரு சங்கிலி. இன்னும் கீழே ஒன்று. கடைசியாக என்னுடையது. பதக்கம் போய் மாதாவின் கூப்பிய கைகளுக்குச் சற்று மேலே நின்றது, ஒன்றோடொன்று முட்டாமல், ஒரு பக்கம் சரியாமல். எனக்கு ஒருநாளும் அப்படி விழுந்ததில்லை. மாதா மீதே எனக்குப் பொறாமை வந்தது. பாவம்தான், ஆனால் வந்ததை வரவில்லை என்று எப்படிச் சொல்வது?

"சரியா விழுந்திருக்கோ, மச்சாள்?" என்று மேலே நின்று கேட்டாள்.

"ஓம்," என்றேன். பிறகு பொறுக்கமாட்டாமல், "மாமியார் பேசாமல் இருந்திருந்தால் இது என்ர அலுமாரியில கிடந்திருக்கும்," என்றேன்.

"அவ சொல்லேல்ல. நான்தான் சுவாமியிட்டச் சொன்னனான்." பதக்கத்தைக் கொஞ்சம் திருப்பிச் சரியாக்கினாள். "நேந்ததெண்டது பொய்யெண்டு எனக்கு அண்டைக்கே தெரியும். உங்கட அம்மான்ர கழுத்தில கிடக்கேக்க இருந்தே, சின்னனில இருந்தே, எனக்கு இதில எவ்வளவு ஆசை தெரியுமோ? உங்கட கலியாணத்தண்டு உங்களுக்குப் பக்கத்தில நிண்டு இதைத்தான் பாத்துக்கொண்டு நிண்டனான். எனக்கு ஒரு நாளைக்குக் கிடைக்காதது உங்களிட்டயும் இருக்கக்கூடாதெண்டு நினைச்சன்."

சொல்லிவிட்டு இறங்கி, கையைச் சேலையில் துடைத்தாள். எனக்குக் கோபம் வந்திருக்கவேண்டும். ஆனால் அவள் சொன்ன எரிச்சல் எனக்கு நன்றாகத் தெரிந்த எரிச்சல்.

பின்னேரம் மாதாவைச் சுமந்துகொண்டு சுற்றுப்பிரகாரம் கடற்கரை வீதியால் போனது. சனம் மாதாவின் முகத்தைப் பார்த்துச் செபமாலை சொல்லிக்கொண்டு வந்தது. நானும் மச்சாளும் பக்கத்தில் பக்கத்தில் நடந்தோம். வாய் செபித்துக்கொண்டிருந்தது. கண் இரண்டு பேருக்கும் மாதாவின் கழுத்தோடு நின்றுவிட்டது.