குளத்தோரம் நீட்டிய கால்

போன வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் ஒரு பந்தைக் காலால் தடுத்தேன். அன்றிலிருந்து வீட்டில் முகம் கொடுத்துக் கதைக்க முடியவில்லை.

கால்பந்து இல்லை. கோல்ஃப் பந்து.

உங்களுக்கும் கோல்ஃபுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். ஒன்றுமில்லை. சம்பந்தம் என் மனைவி எமல்டாவுக்குத்தான். பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னர் முதுகில் ஆபரேஷன் செய்து மூன்று மாதம் சோபாவில் கிடந்தாள். தலையிடி தராத நிகழ்ச்சி எது என்று சானல் சானலாகத் தேடி, கடைசியில் கோல்ஃபில் போய் நின்றாள். யாரும் கத்தாத விளையாட்டு! அன்றைக்கு ஒரு சுவீடன் பெண் ஆடிக்கொண்டிருந்தார். அவரும் முதுகுக்கு பெல்ட் கட்டியிருந்தார். எமல்டாவுக்கு அது போதும்.

அதற்குப் பிறகு அவர், மொன்றியலுக்குப் பக்கத்தில் எங்கள் புரோசார்ட் வீட்டில், ஒரு உறவுக்காரர் மாதிரி. வருடத்தில் பாதி பனி விழுகிற ஊரில் பிறந்து, அப்பாவின் கராஜுக்குள் வலை கட்டி அடித்துப் பழகியவர். தொழில்முறை ஆட்டத்துக்கு வந்த முதல் இரண்டு வருடங்களில் இரண்டு கோப்பைகள். பிறகு முதுகு. பிறகு கல்யாணம், குழந்தை… ஆடும் உரிமை கையை விட்டுப் போனது. தகுதிச் சுற்றில் தன்னைவிடப் பாதி வயதுப் பிள்ளைகளோடு நின்று அதைத் திரும்ப வாங்கினார். என் சொந்தத் தங்கைமாரின் கதைகூட எனக்கு இவ்வளவு விபரமாகத் தெரியாது.

அவர் பெயரை இங்கே நான் எழுதவில்லை. இந்தப் பத்தியில் என் பெயருக்குப் பக்கத்தில் அவர் பெயர் வருவது எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

இந்த வருடம் அவர் மொன்றியலுக்கே ஆட வருகிறார் என்றதும் வீட்டில் திருநாள்தான்.

"இஞ்சாருங்கோ, வொலன்டியருக்கு ஆள் கேக்கினமாம். எனக்கு இந்த முதுகோட நிக்கேலாது. நீங்கள் போங்கோ. நான் சனம் நிக்கிற இடத்தில, கயித்துக்கு வெளியில கதிரை போட்டு இருக்கிறன்."

போனேன். பயிற்சி வகுப்பில் ஒரே பாடம் — பந்தைத் தொடக் கூடாது. பிரெஞ்சில் ஒருக்கா, ஆங்கிலத்தில் ஒருக்கா, கையை ஆட்டி ஒருக்கா சொன்னார்கள். எனக்குக் கிடைத்த இடம் கடைசிக் குழிக்குப் பக்கத்தில், குளத்தோரம். வேலை, 'அமைதி' என்று எழுதிய பலகையை உயர்த்திப் பிடிப்பது. எமல்டா முப்பது வருடமாக வீட்டில் எனக்குச் செய்கிற வேலைதான். அவளிடம் பலகை இல்லை, அவ்வளவே.

வெள்ளிக்கிழமை இரண்டாம் நாள் ஆட்டம். அன்றோடு பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மீதிப் பேர்தான் சனி, ஞாயிறு ஆடலாம். சுவீடன்காரர் கடைசிக் குழிக்கு வந்தபோது, கயிற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து எமல்டா மெதுவாகக் கூப்பிட்டாள்.

"இதை ஐஞ்சு அடியில முடிச்சாச் சரி. ஆறெண்டா பெட்டி கட்டவேண்டியதுதான். இந்தக் கிழமையும் போனா, வாற வருசம் ஆடுற உரிமையும் போச்சு."

அவள் கையில் செபமாலை. கோல்ஃபுக்கு!

மூன்றாவது அடி. என்னிடமிருந்து ஒரு முப்பது மீற்றர் தூரத்தில் நின்று அடித்தார். பந்து குழியைச் சுற்றியிருக்கிற பச்சைத் தரையில் விழுந்து, நிற்காமல், சரிவில் இறங்கி நேரே என்னை நோக்கி உருண்டு வந்தது. எனக்குப் பின்னால் குளம்.

பள்ளிக்கூடக் கிரிக்கெட்டில் பவுண்டரிக் கோட்டில் நின்ற கால் இது. பந்து வந்தால் விடாது. நீட்டினேன். பந்து சப்பாத்தில் பட்டு நின்றது. ஒரு விநாடி எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

நடுவர் சின்ன வண்டியில் வந்து சேர்ந்தார். பந்து தானாகப் பட்டதா, நீங்கள் தடுத்தீர்களா என்று பிரெஞ்சில் கேட்டார். "தானாப் பட்டது" என்றேன்.

இது பயத்தில் வந்தது. ஏச்சு விழப்போகிறது என்ற பயம். இதை மன்னிக்கலாம்.

நடுவர் விதியைப் பொறுமையாக விளக்கினார். தானாகப் பட்டதென்றால் பந்து கிடக்கிற இடத்திலிருந்தே ஆடலாம். வேண்டுமென்று தடுத்ததென்றால், அது குளத்துக்குள் போனதாகத்தான் கணக்கு. ஒரு அடி தண்டனை. சொல்லிவிட்டுத் திரும்பக் கேட்டார். நிச்சயமா?

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கயிற்றுப் பக்கம் பார்த்தேன். எமல்டா கதிரையை விட்டு எழும்பி நின்றாள்.

"நிச்சயம்" என்றேன்.

அதற்குள் சுவீடன்காரர் வந்துவிட்டார். என்ன நடக்கிறது என்று கேட்டார். பந்தைப் பார்த்தார். என் சப்பாத்தைப் பார்த்தார். கோபம் ஒன்றுமில்லை அந்த முகத்தில். நடுவரிடம் திரும்பி, ஆங்கிலத்தில், மெதுவாகச் சொன்னார் — "நான் பார்த்தேன். அவர் கால் முன்னால் வந்தது. பந்து தண்ணீருக்குள் போயிருக்கும்."

பிறகு தண்டனை அடியோடு ஆடி, ஆறில் முடித்தார்.

சனிக்கிழமை போயிற்று. அடுத்த வருடமும் போயிற்று. நான் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கடைசிக் குழியில் ஆடிய பந்தை அங்கே நிற்கிற வொலன்டியர் யாருக்காவது கொடுப்பது இவர்களின் வழக்கம். அவர் நேரே என்னிடம் வந்தார். "உதவி செய்ய நினைத்தீர்கள். நாள் முழுக்க வெயிலில் நின்றதற்கு நன்றி" என்று சொல்லிப் பந்தை என் கையில் வைத்தார். அந்த நேரத்திலாவது நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டாமா? என் வாயில் வந்தது பிரெஞ்சு நன்றி, "மெர்ஸி".

கார் பாலத்தில் ஏறியதும் எமல்டா தொடங்கினாள்.

"தடுத்ததுக்கு எனக்குக் கோவமில்லை. கால் தன்பாட்டுல போயிருக்கும். பேந்து நடுவர் ரெண்டாந்தரமும் கேட்டவர். யோசிச்சுத்தானே சொன்னனீங்கள்?"

"ஓம். உமக்காகத்தான் சொன்னனான், எமல்டா."

"எனக்காகவோ? பன்னெண்டு வருசத்தில அவ ஒருநாளும் எனக்கு வெக்கம் வர நடக்கேல்லை."

பந்தை அவளிடம் நீட்டினேன். "வேண்டாம். அது உங்களுக்குத் தந்தது" என்றாள். அவள் கையை நீட்டவே இல்லை. பந்து என் கையிலிருந்து விழுந்து அவள் சீட்டுக்குக் கீழே போனது.

யோசித்துப் பார்க்கிறேன். நமக்கு உதவி என்றால் அதோடு ஒரு சின்னப் பொய்யும் இலவச இணைப்புத்தானே? போனில் ஆள் கேட்டால் "அவர் வீட்டில இல்லை" என்போம். தெரிந்தவரின் மகனுக்கு வேலை வேண்டுமென்றால், "என்னட்ட மூண்டு வருசம் வேலை செய்தவர்" என்று கையெழுத்து வைப்போம். நானே வைத்திருக்கிறேன். செய்துவிட்டு, நல்ல காரியம் செய்த மனிதனாக இரவு நித்திரையும் கொண்டிருக்கிறேன். அந்த மனிதனைப் பற்றி இப்போது எனக்கு அவ்வளவு நல்ல அபிப்பிராயம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலில் பூசை முடிந்து கோப்பி குடிக்கிற இடத்தில் அருளப்பு அண்ணை கதையைக் கேட்டுவிட்டு என் முதுகில் தட்டினார்.

"நீ நல்லதுதானே செய்யப் பாத்தனீ! அந்தச் சுவீடன்காரி வாயை மூடிக்கொண்டு நிண்டிருந்தாச் சரி. பிழைக்கத் தெரியாத மனிசி!"

சுற்றி நின்ற நாலு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். குளத்தோரம் சொன்னதைவிட, இப்போது இந்தச் சிரிப்பை நினைத்தால்தான் எனக்கு உடம்பு கூசுகிறது. எமல்டா பக்கத்தில் நின்று தன் கோப்பிக் கப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பந்து இன்னும் காரில்தான் கிடக்கிறது. எடுத்து உள்ளே வைக்க எனக்கு இடமில்லை, எறியவும் மனமில்லை. நேற்று எமல்டாவை முதுகு டாக்டரிடம் கூட்டிப்போனேன். சந்தியில் சிவப்பு விளக்குக்குப் பிரேக் போட்டபோது அது சீட்டுக்குக் கீழிருந்து உருண்டு அவளுடைய காலடிக்கு வந்தது.

அவள் முதுகைப் பிடித்துக்கொண்டு, இரண்டு கால்களையும் மெல்லத் தூக்கி, அதற்கு வழி விட்டாள்.