பல்லவர் சமையலறையில் மிளகாய்

அந்துருண்டை வாசனை மூக்கில் ஏறினால் இன்றைக்கும் எனக்குக் குதிரைக் குளம்பொலி கேட்கும். திருப்பூரில் நாங்கள் குடியிருந்த லைன் வீட்டின் சொந்தக்காரம்மா, தன் பீரோவிலிருந்து அவ்வப்போது சரித்திர நாவல்களை எடுத்துத் தருவார்; பல்லவர், சோழர், நாயக்கர் என்று எந்தக் காலத்துக் கதையானாலும் படித்துவிட்டு, "எப்படி இருக்குது கண்ணு?" என்ற அவர் கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள் அவை. நான் ஏழாம் வகுப்பு.

அம்மாவுக்குப் பனியன் கம்பெனியில் 'செக்கிங்' வேலை. துணியில் ஓட்டையோ எண்ணெய்க் கறையோ கண்ணில் பட்டால் அந்த இடத்தில் சின்னதாக ஓர் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். மிச்சம் மீதி அவள் முந்தானையில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடும். மிளகாய் பிற்காலத்தில் கடல் கடந்து வந்தது என்று பள்ளியில் கேட்டிருந்த எனக்கு, பல்லவர் அரண்மனையில் மிளகாய் வறுபடுவதைப் படித்ததும் கை சும்மா இருக்கவில்லை. ஓர் அம்பு ஒட்டினேன். கூடவே வந்த சோழர் கதையில் படைத்தலைவன் தொலைநோக்கியில் பார்த்தான், அவனுக்கும் ஒன்று. அப்படியே திருப்பிக் கொடுத்தும்விட்டேன்.

விஷயம் தெரிந்ததும் அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. "ஏட்டி, குடியிருக்க இடம் குடுத்தவுக பொருள்லயா டேமேஜ் பாத்த? குத்தம் பாத்தா சுத்தம் இல்லட்டி!" விருதுநகர்ப் பக்கமிருந்து பிழைக்க வந்து, அதற்குள் இரண்டு வீடு மாறியிருந்தோம்; இன்னொரு வீடு தேடி அலைய அவளுக்குத் தெம்பில்லை. வாசலில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம், காலி பண்ணச் சொல்லத்தான் வருகிறார்கள் என்று உள்ளே ஓடி ஒளிந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரம்மாவே வந்தார், கையில் புத்தகத்தோடு. "சின்னப் பிள்ளை, மன்னிச்சிருங்கம்மா" என்று அம்மா காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள்.

"மன்னிப்பு எதுக்குங்க? மொளகாயப் படிச்சப்ப எனக்கும் சந்தேகந்தானுங்க. எங்கூட்டுக்காரரு இப்படித்தான், கதை எழுதுனவரோட சண்டை புடிச்சுக்கிட்டேதான் படிப்பாரு. அவரு போனதுக்கப்பறம் ஊட்ல சத்தமே இல்லீங்க" என்றவர், என்னிடம் அந்தப் புத்தகத்தை நீட்டினார். "இது பாண்டியரு கதை. இதுலயும் ஒட்டிக் கொண்டா கண்ணு."

அந்த லைன் வீடுகளை இடித்துவிட்டார்கள். அங்கே இப்போது குடோன் நிற்கிறது. அந்த அம்மாவும் இல்லை, பீரோ யார் வீட்டுக்குப் போனதோ தெரியாது. நான் சரித்திர நாவல்களுக்கு மதிப்புரை எழுதுகிறேன். எந்த அரசன் எந்தக் காலத்தில் எதைத் தின்றிருக்க முடியாது என்று நான் குறை சொல்லி எழுதியது அச்சில் வரும்போதெல்லாம், அம்மா எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "அவுக ஒண்ணும் சொல்ல மாட்டாகள்ல? காலி பண்ணச் சொல்லிற மாட்டாகளே?" என்று கேட்கிறாள். நாங்கள் சொந்த வீட்டுக்கு வந்து பத்து ஆண்டுகளுக்கு மேலாகிறது.